ஐந்தாம் மாதத்தில் குழந்தை தவறினால்: வலி வரவைக்கும் மருந்து, அப்புறம் பால்கட்டு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

தானாக வலி வரும்வரை காத்திருக்கலாம், மருந்து வைத்தும் வரவைக்கலாம் என்றார் டாக்டர். காத்திருந்தால் வாரக்கணக்கில் இழுக்கலாம். நான் மருந்துக்குச் சம்மதித்தேன். மாதம் நிறைந்தவர்களுக்கு ஏற்றும் ஆக்ஸிடோசின் ட்ரிப் ஐந்தாம் மாதத்தில் அவ்வளவாக வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை, மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம் விழுங்கி, ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 400 மைக்ரோகிராம், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் மாத்திரையும் சேர்ந்தால் பிரசவம் சீக்கிரம் முடியும்.

எனக்கு வைத்தது ஜெமிபுரோஸ்ட், பிறப்புறுப்புக்குள் வைத்து வலி வரவைக்கும் மருந்து. 1 மில்லிகிராம், 3 மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் 5 வரை. ஃப்ரீசரில் இருந்து எடுத்து வந்த உறையை மிஸ்ஸி (நர்ஸ்) தட்டில் வைத்து, சில்லிப்பு விடட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தார். அப்புறம் குளிர் நடுக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு. இவை மருந்தால் வருபவை, பயப்பட வேண்டாம். ஆனால் வலி முழுப் பிரசவ வலிதான். வலி குறைக்கும் பெத்திடின் ஊசி வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். குழந்தைக்கு ஆகாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க இங்கே காரணமே இல்லை. முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், கருப்பை கிழியும் ஆபத்தைப் பார்த்துத்தான் மருந்தை முடிவு செய்வார்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த குழந்தையின் இரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றியும் கேளுங்கள். இணையத்தில் விற்கும் மாத்திரையை வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, இரத்தப்போக்கு நிற்காமல் போனால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் நேரமே உயிருக்கு ஆபத்து.

என் மனக்குறை ஒன்றுதான். பால் சுரக்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மார்பு கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்தபோது, அழுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெரியம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிட்டார். கொஞ்சம் இதமாக இருந்தது. காபர்கோலின் 1 மில்லிகிராம், ஒரே வேளை, பிரசவமான முதல் நாளே விழுங்கினால் பால் சுரப்பது அடங்கும் என்று பிறகுதான் தெரிந்தது. பிரஷர் ஏறியவர்களுக்கு அது ஆகாது. நான்கு மாதம் தாண்டிய யாருக்கும் பால் வரலாம். வார்டை விட்டுக் கிளம்பும் முன் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், வாய் வரவில்லை என்றால் கூட இருப்பவரைக் கேட்கச் சொல்லுங்கள்.