மென்மையான பனிக்கட்டி பாறையைக் குடைவது எப்படி?

கேள்வி: பாறையைவிடப் பனிக்கட்டி மென்மையானது. பிறகு பனியாறு எப்படிப் பள்ளத்தாக்கைச் செதுக்குகிறது? எவ்வளவு பனி சேர்ந்தால் நகரும்?

பதில் 1: கோடையில் உருகுவதைவிடக் குளிர்காலத்தில் அதிகம் விழ வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். புதுப்பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான். மேலே பாரம் ஏற ஏற அது மணிமணியாக இறுகும். சுமார் 830 கிலோவை எட்டும்போது காற்றுத் துளைகள் அடைபட்டுக் கட்டியாகிவிடும். தடிமன் ஏறத்தாழ 30 மீட்டரைத் தாண்டினால், அடிப்பகுதி தன் எடையாலேயே மெல்ல வழியத் தொடங்கும். சரிவு அதிகமென்றால் இன்னும் சீக்கிரம்.

பதில் 2: தேய்ப்பது பனியல்ல, அதன் அடியில் உறைந்து பதிந்த கற்கள். உப்புத்தாளில் மணல் செய்யும் வேலைதான். உருகுநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி உறைவதால் பாளம் பாளமாகப் பெயர்த்தும் எடுக்கும். ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: அடித்தளம் பாறையோடு முழுக்க உறைந்து கிடந்தால் அரிப்பு மிகக் குறைவு. வழுக்க நீர் வேண்டும்.

பதில் 3: ஆறு அடியை மட்டும் அறுக்கும். பனியாறு பள்ளத்தாக்கை நிறைத்துப் பக்கங்களையும் தேய்ப்பதால் ‘யு’ வடிவம் வருகிறது. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் அது ஃபியோர்டு; நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 1,300 மீட்டர் ஆழம். ஆனால் கடல்வாயில் ஆழம் மிகக் குறைவு, அங்கே பனி பரவி மெலிந்து வலுவிழந்ததே காரணம்.