பரீட்சை பேப்பர் தாண்டி மார்க் போடுறது எப்படி? டீச்சர்ஸ் கொஞ்சம் உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஸ்கூல்ல 9, 10க்கு சயின்ஸ் எடுக்குறேன். 2013-14ல 9ஆம் வகுப்புக்கு முப்பருவ முறை (வருஷத்த மூணு பருவமா பிரிக்கிறது) வந்தப்போ வளரறிக்கு (கிளாஸ்ல செய்ற செயல்பாடு, சின்ன டெஸ்ட்) 40, தொகுத்தறிக்கு (பருவக் கடைசி பரீட்சை) 60னு பிரிச்சாங்கல்ல, ஐடியா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடந்தது என்னன்னா ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்த படத்த சார்ட்ல ஒட்டிட்டு வந்தா ஃபுல் மார்க். நானும் போட்டிருக்கேன், பொய் சொல்லல.

இப்ப ஏன் கேக்குறேன்னா, கிளாஸ்ல ஒரு பொண்ணு, அம்மா தேயிலை பறிக்கப் போறவங்க. மழைல நனைஞ்ச பச்சை இலைக்கு தண்ணி எடைன்னு எத்தன கிலோ கழிப்பாங்க, அது போக கைக்கு எவ்ளோ வரும்னு மனக்கணக்குலயே சொல்லுது, ஈர இலை ஏன் எடை கூடுதுன்னும் விளக்குது. டெஸ்ட் பேப்பர்ல மட்டும் சதவீதக் கணக்கு வந்தா வெறும் பேப்பர்தான். இதுக்கு நான் எங்க மார்க் போடுறது?

10ல சயின்ஸ் செய்முறைக்கு 25 இருக்கு, அதுவும் கடைசில எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க்தான் போகுது.

வாய்மொழியா கேட்டு, செய்றத பாத்து மார்க் போடுற மாதிரி ஒரு சிம்பிளான மதிப்பீட்டு அட்டவணை யாராச்சும் யூஸ் பண்றீங்களா? 38 பசங்க, 40 நிமிஷ பீரியட், மழை லீவு வேற. வேண்டிய பிள்ளைக்கு போட்டுட்டாங்கன்னு பேச்சு வராம எப்படி சமாளிக்கிறீங்க? உங்க அட்டவணைய ஃபோட்டோ எடுத்து கீழ போட்டாலே போதும், கையெழுத்துல இருந்தாலும் பரவால்ல.