ராக்கெட்பால்: எதிராளிக்கு பேக்ஹேண்ட் வீக் என்று தெரிந்தும் பாயிண்ட் எடுக்க முடியவில்லை

டல்லாஸ்காரன்: ஜிம்மில் வழக்கமாக ஒருத்தரோடு ராக்கெட்பால் (நாலு சுவருக்குள் மட்டையால் பந்தை முன்சுவரில் அடிக்கிற ஆட்டம்) ஆடுகிறேன். வலதுகைக்காரர். ஃபோர்ஹேண்ட் பயங்கரம், முன்சுவரின் அடியில் அடித்தால் பந்து எழும்பவே எழும்பாது. பேக்ஹேண்ட் சுமார்தான் என்று எல்லா சர்வையும் இடது மூலைக்கே வேகமாகப் போடுகிறேன், ஆனால் எப்படியோ திருப்பிவிடுகிறார். வேறு என்ன செய்யலாம்?

மூலைப்பந்து: எந்த உயரத்தில் வீக் என்று பார்த்தீர்களா? வேகமாக வருகிற பந்துக்கு மட்டையைக் காட்டினாலே போதும், உங்கள் வேகமே அதை முன்சுவருக்குக் கொண்டுபோய்விடும். தோளுயரத்தில், மெதுவாக, இடது சுவரை ஒட்டி வருகிற பந்துதான் தொல்லை. மட்டையை வீச இடமும் இருக்காது, வேகத்தையும் அவரே உண்டாக்க வேண்டும். லாப் சர்வ், அதாவது மெதுவாக உயரத் தூக்கிப் போடுகிற சர்வ், போட்டுப் பாருங்கள். சர்வுக்குப் பிந்தைய ராலியில் அதே வேலையை சீலிங் பால் (கூரையில் பட்டு முன்சுவருக்குப் போகிற அடி) செய்யும். ஆனால் நீளம் கூடிப் பின்சுவரில் பட்டுத் திரும்பினால் போச்சு, அவருக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி.

நடுக்கோர்ட்: அதெல்லாம் சரி, அவர் எங்கே நிற்கிறார்? எல்லா சர்வும் இடதுக்கே வந்தால் யாராக இருந்தாலும் ஓர் அடி அந்தப் பக்கம் நகர்ந்து, பிடியையும் பேக்ஹேண்டுக்கு மாற்றிவைத்துத்தான் காத்திருப்பார். கோர்ட்டின் அகலமே 20 அடி, அதில் ஓர் அடி பெரிய விஷயம். அப்போது வலது மூலைக்குத் தாழ்வாக, வேகமாக ஒரு டிரைவ் சர்வ் விடுங்கள். பலமான பக்கம்தான், ஆனாலும் ஓடிப்போய்க் கையை நீட்டி அடிக்கிறவரால் முன்சுவரின் அடியில் கில் ஷாட் வைப்பது கஷ்டம். ரெண்டு முறை அப்படி ஆனால் தானாக நடுவுக்கு வந்துவிடுவார், இடது மூலை மறுபடி காலியாகும்.

மூலைப்பந்து: ஒத்துக்கொள்கிறேன். லாப் பற்றி இன்னொன்று: விவரமான ஆள் என்றால் பந்து தோளுக்கு ஏறும்வரை காத்திருக்க மாட்டார், தரையில் பட்டதுமே முன்னால் வந்து அடித்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம் லாபையே நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

டல்லாஸ்காரன்: முன்னால் வருகிற ஆள் இல்லை, பின்னால்தான் நிற்பார், இடதுபக்கம் ஒட்டி. சர்வ் போட்ட பிறகு அவரை எப்படிக் கவனிப்பது? எனக்கு முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறார்.

நடுக்கோர்ட்: சர்வுக்கு முன்பே ஒருமுறை திரும்பிப் பாருங்கள், நிற்கிற இடமும் பிடியும் தெரிந்துவிடும். போட்டதும் ஷார்ட் லைனுக்கு (கோர்ட்டின் நடுவே குறுக்காகப் போகிற கோடு) பின்னால் வந்து, பந்து போன பக்கத் தோளுக்கு மேலாக ஒரு பார்வை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தயவுசெய்து.