பதின்வயதினரின் கோபமும் மௌனமும்: களத்தில் இருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

பள்ளி மனநல ஆலோசகர்

கதவைப் படாரென்று சாத்திவிட்டு அறைக்குள் போன 14 வயதுப் பிள்ளையிடம் அந்த நிமிடமே நியாயம் பேசினால் எதுவும் உள்ளே போகாது. ஆலோசனைக்கு வரும் பெற்றோர் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உணர்ச்சிக்கும் பரிசுக்கும் துடிக்கும் மூளைப் பகுதிகள் பருவமடையும்போதே வேகமெடுத்துவிடுகின்றன. அவற்றை இழுத்துப் பிடிக்க வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சிக்கு வருகிறது. அதற்காக இந்த வயதில் யோசிக்கவே தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். அமைதியான நேரத்தில், அவசரம் இல்லாதபோது, 16 வயதுப் பிள்ளை ஏறக்குறைய பெரியவர்களுக்கு இணையாகவே யோசிக்கும். எனவே என்ன பேசுவது என்பதை விட எப்போது பேசுவது என்பதுதான் முதல் கேள்வி.

சூடான நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இப்ப வேண்டாம், அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்." குரலைத் தாழ்த்தி, முடிந்தால் உட்கார்ந்துகொண்டு சொல்லுங்கள். எகிறிய இதயத் துடிப்பும் உடம்பின் படபடப்பும் அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். இங்கே இரண்டு விஷயங்கள் கெட்டுப்போகும். முதலாவது, அந்த இடைவெளியில் பிள்ளை படுத்துக்கொண்டு நடந்ததையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் கோபம் தணியாது, இன்னும் இறுகும். நடை, குளியல், கையால் செய்யும் ஏதாவது ஒரு வேலை என்று உடம்பு வேறு எதிலாவது இருக்க வேண்டும். இரண்டாவது இன்னும் மோசமானது: சொன்ன நேரத்துக்குப் பெரியவர் திரும்பி வருவதில்லை. வீடு அமைதியாகிவிட்டதே, எதற்கு மறுபடி கிளற வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கத்தினால் பேச்சு முடிந்துவிடும் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது.

திரும்பிப் போனதும் முதல் வேலை, உணர்ச்சிக்குப் பெயர் தேடுவது. ஓர் உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளையின் அமிக்டலா பகுதியில் எழும் தூண்டல் குறைகிறது என்று உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். இந்த வயதினர் எல்லாவற்றையும் "கடுப்பு" என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது அவமானமா, ஏமாற்றமா, பயமா, ஒதுக்கப்பட்ட உணர்வா என்பது அவர்களுக்கே தெளிவாக இருக்காது. "எல்லார் முன்னாடியும் சொன்னது அவமானமா இருந்துச்சோ?" என்று ஊகமாகக் கேளுங்கள். ஊகம் தவறாக இருந்தால், "அவமானம் இல்ல, அவன் எனக்காகப் பேசுவான்னு நினைச்சேன்" என்று பிள்ளையே திருத்தும். அந்தத் திருத்தம்தான் நமக்கு வேண்டியது. ஆனால் "நீ பொறாமைப்படறே" என்று தீர்ப்பாகச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது.

விளையாட்டுப் பயிற்சியாளர்

ஆலோசகர் சொன்னதோடு, யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளரும் கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் உடனிருந்தபோது 13 முதல் 16 வயதினர் எடுத்த ஆபத்துகள் வெகுவாகக் கூடின. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மைதானத்தில் தினமும் தெரியும் விஷயம் இது. நடுவரிடம் எகிறும் பையனை அணியின் முன்னால் கண்டித்தால், அவன் நமக்குப் பதில் சொல்வதில்லை, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் சொல்கிறான். ஓரமாகக் கூப்பிடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், ஒரே ஒரு செயலைப் பற்றி மட்டும் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாய் மன்னிப்புக் கேட்கும், மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். "நீ பிறவியிலேயே திறமைசாலி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை தோற்கும்போது தன்னையே சந்தேகிக்கும், கடினமானதைத் தொடப் பயப்படும். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, புத்திசாலித்தனத்தைப் பாராட்டினால் இப்படி ஆகிறது என்று காட்டியது. அதைக் கேள்விப்பட்ட பலர் இப்போது "நல்லா முயற்சி பண்ணினே" என்று எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். தோற்றவனுக்கு அது வெறும் ஆறுதலாகத்தான் கேட்கும், தன்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். "இரண்டாவது பாதியில பந்தை வாங்கறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பார்க்க ஆரம்பிச்சே" என்பது போல, பார்த்ததைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்

இனி மனப்பான்மைக்கு வருவோம். தன் சுதந்திரத்தில் கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் யாருமே எதிர்ப்பக்கம் சாய்வார்கள். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே இதைக் கோட்பாடாக வகுத்தார். பதின்வயதில் இந்த எதிர்ப்பு இன்னும் கூர்மை. ஆகவே அறிவுரை எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக மறுக்கப்படலாம். காரணங்கள் மாணவன் வாயிலிருந்து வர வேண்டும்.

அதற்கு உதவும் ஒரு முறை, ஊக்கமூட்டும் நேர்காணல் (மாறுவதற்கான காரணங்களை அவரவர் வாயாலேயே சொல்லவைக்கும் ஆலோசனை முறை) என்பதிலிருந்து வந்த அளவுகோல் கேள்வி. "இந்தப் பழக்கத்தை மாத்தறது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0-லிருந்து 10-க்குள்ள சொல்லு." மாணவன் 4 என்கிறான் என்று வையுங்கள். அடுத்த கேள்வி, "ஏன் 4? ஏன் 1 இல்ல?" அவன் வேறு வழியில்லாமல் மாறுவதற்கான காரணங்களைத் தேடிச் சொல்வான். பழக்கதோஷத்தில் "ஏன் 8 இல்ல?" என்று கேட்டுவிட்டால், மாறாமல் இருப்பதற்கான காரணங்களை வரிசையாக அடுக்கி, தன் பேச்சாலேயே தன்னை உறுதிப்படுத்திக்கொள்வான். ஓர் எண்ணை மாற்றிக் கேட்பதில் உரையாடலே தலைகீழாகிவிடும். அவன் 0 என்று சொன்னால் விவாதிக்காதீர்கள். "என்ன நடந்தா அது 2 ஆகும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். பத்து விநாடி மௌனம் ஆசிரியருக்குத்தான் நீளமாகத் தெரியும், மாணவனுக்கு அது யோசிக்கும் நேரம்.

முடிவில் ஒரே ஒரு திட்டம். "இனிமே கோபப்பட மாட்டேன்" என்பது திட்டம் ஆகாது, ஏனென்றால் எப்போது, என்ன செய்வது என்பது அதில் இல்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவத்தைப் பரிந்துரைத்தார். உதாரணமாக: "வாட்ஸ்அப் குழுவுல யாராவது என்னைக் கிண்டல் பண்ணினா, போனைக் கவிழ்த்து வச்சிட்டுத் தண்ணி குடிச்சிட்டு வந்து அப்புறம் பதில் போடுவேன்." அவனே தன் சொற்களில் எழுத வேண்டும். மூன்று நான்கு திட்டங்களை ஒரே நாளில் எழுதவைத்தால் ஒன்றுகூட நிற்காது.

மாணவர் விடுதிக் காப்பாளர்

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவமடையும்போது உடலின் கடிகாரம் பின்தள்ளிப் போவதால் சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. காலையில் மட்டும் வழக்கமான மணி அடித்துவிடும். விடுதியில் நடக்கும் சண்டைகளில் பல தூக்கம் கெட்ட நாட்களில் வருபவைதான். முக்கியமான பேச்சை இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் மாலை, சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுங்கள். எதிரெதிரே உட்காரவைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

ஒரு சந்தேகம். சாதாரண மூட் மாற்றம் எது, வேறு ஏதோ என்று பயப்பட வேண்டியது எது?

பள்ளி மனநல ஆலோசகர்

காப்பாளர் கேட்டதற்கு: மூட் மாற்றம் வந்து போகும், இடையிடையே பிள்ளை சிரிக்கும், விருப்பமானதைச் செய்யும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வு, பிடித்தவற்றில்கூட நாட்டமின்மை, உணவிலும் தூக்கத்திலும் பெரிய மாற்றம் என்றால் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட தடயம், ஆசையாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே செயல்படுங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், அதை உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். மருத்துவ உதவி வரும்வரை தனியாக விடாமல், மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.