ஆட்டோவேக்கத்தை அணைத்துவிட்டு இரவில் மட்டும் ஓட்டலாமா?

இரவுக்காவல்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 10 கோடி ரோ உள்ள டேபிள். பகலில், அப்டேட்டும் டெலீட்டும் விட்டுச்சென்ற பழைய ரோக்களை (டெட் ரோ) தானாகத் துடைக்கும் ஆட்டோவேக்கம் கிளம்பினாலே டிஸ்க் திணறுகிறது. அதை அணைத்துவிட்டு, லோடு இல்லாத இரவில் கிரான் (நேரம் குறித்து ஓட்டும் வேலை) போட்டு வேக்கம் ஓட்டுவதே சரி என்பேன். நாமே ஓட்டும் வேக்கத்துக்கு காஸ்ட் டிலே (நடுநடுவே நிற்கும் இடைவேளை) 0, முழு வேகத்தில் முடித்துவிடும்.

நீலத்திரை: அணைக்காதீங்க. ஸ்கேல் ஃபேக்டர், அதாவது டேபிளில் எத்தனை பங்கு குப்பையானால் ஆட்டோவேக்கம் கிளம்பும் என்ற அளவு, டிஃபால்ட் 0.2. உங்கள் டேபிளில் 2 கோடி டெட் ரோ சேர்ந்த பிறகுதான் அது எட்டியே பார்க்கும். அவ்வளவு குப்பையை ஒரே மூச்சில் அள்ளச் சொன்னால் டிஸ்க் என்ன செய்யும், பாவம்? ஆல்டர் டேபிள் கட்டளையில் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் 0.01 வையுங்கள்.

இரவுக்காவல்: அடிக்கடி வந்தால் இன்டெக்ஸ்களையும் அடிக்கடி முழுக்கப் படிக்குமே. எனக்கு 7 இன்டெக்ஸ். அந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

நீலத்திரை: நியாயம். 14ஆம் பதிப்பிலிருந்து டெட் ரோ உள்ள பக்கங்கள் சொற்பமாக இருந்தால் இன்டெக்ஸ் பக்கமே போகாது. உங்கள் அப்டேட் டேபிள் முழுக்கச் சிதறி நடந்தால் அந்தச் சலுகை கிடைக்காது, 0.05 வைத்துப் பாருங்கள். ஆனால் அணைத்தாலும் டிரான்சாக்ஷன் வயது (டேபிளில் இன்னும் ஃப்ரீஸ் செய்யாத மிகப் பழைய ரோவுக்குப் பின் ஓடிய டிரான்சாக்ஷன் எண்ணிக்கை) 20 கோடியைத் தாண்டினால் ஆட்டோவேக்கம் தானாக வரும். அப்போது வருவது, வேறு யாராவது லாக் கேட்டாலும் விலகாது.

இரவுக்காவல்: தினமும் வேக்கம் ஓட்டுபவனுக்கு 20 கோடி எப்படி வரும்? 15 கோடியிலேயே சாதாரண வேக்கம் அக்ரசிவாக (வழக்கமாகத் தாண்டிப்போகும் பக்கங்களையும் படிப்பதாக) மாறி வயதைக் குறைத்துவிடுமே.

பழையபதிவு: இருவரும் டேபிளையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கனெக்ஷன்களைக் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' (டிரான்சாக்ஷனை முடிக்காமல் சும்மா கிடப்பது) என்று மணிக்கணக்காக எதுவும் தொங்குகிறதா? கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காக டேட்டாவைப் பிடித்து வைக்கும் பதிவு)? அது பழைய ரோக்களைப் பிடித்து வைத்திருந்தால், பகலில் ஓட்டினாலும் இரவில் ஓட்டினாலும் அது தொடங்கிய பிறகு செத்த ஒரு ரோவும் அசையாது, வயதும் அந்த அளவுக்குக் கீழே குறையாது. பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸில் கடைசி வேக்கம் நேற்று இரவு என்று அழகாகக் காட்டும், டெட் ரோ எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்து நிம்மதியாகப் படுக்கிற ஆட்களே அதிகம்.

புதுவரவு: ஆட்டோவேக்க வொர்க்கரை 3இலிருந்து 8 ஆக்கினால் சீக்கிரம் முடியுமா?

நீலத்திரை: முடியாது தம்பி. காஸ்ட் லிமிட் (இடைவேளைக்கு முன் செய்யலாம் என்ற வேலையளவு) 200ஐ எல்லா வொர்க்கரும் பங்கு போட்டுக்கொள்ளும். ஆளைக் கூட்டினால் ஒவ்வொன்றும் இன்னும் மெதுவாகும். லிமிட்டை ஏற்றுங்கள்.

இரவுக்காவல்: பழையபதிவு சொன்னதைப் பார்த்தேன். ஒரு ரிப்போர்ட் கனெக்ஷன் காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது. சரி, ஆட்டோவேக்கத்தை அணைக்கவில்லை, 0.05 வைக்கிறேன். கிரானை மட்டும் எடுக்கமாட்டேன். இரவு பேட்ச் டெலீட் முடிந்த கையோடு வேக்கம் வேண்டும். பார்ட்டிஷன் செய்த (துண்டுகளாகப் பிரித்த) தாய் டேபிளுக்கு உங்கள் ஆட்டோவேக்கம் அனலைஸ் (புள்ளிவிவரம் எடுப்பது) ஓட்டுவதே இல்லை, அதற்கும் அதே கிரான்தான்.