புது ரவுட்டர் போட்டதிலிருந்து பழைய பிரிண்டர் வைஃபையில் சேரவில்லை

ஒட்டுசுட்டான் கடை:
வணக்கம். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில் சின்னதாக ஒரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பத்து வருசத்துக்கு முந்திய வைஃபை லேசர் பிரிண்டர். போன கிழமை பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புது 4ஜி ரவுட்டர் போட்டோம். அதே பெயர், அதே பாஸ்வேர்ட்தான் கொடுத்தேன். போனும் லப்டொப்பும் உடனே பிடித்துவிட்டன. பிரிண்டரில் மட்டும் நீல விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் பரீட்சை விண்ணப்பத்தோடு வாசலில் நிற்கிறார்கள். என்ன செய்யலாம்?

வவுனியாத் தம்பி:
பத்து வருசம் உழைத்தது காணும் அக்கா. புதுசு வாங்குங்கோ.

ஒட்டுசுட்டான் கடை:
டோனர் போன மாதம்தான் வாங்கினேன், தம்பி.

கிளிநொச்சி அண்ணை:
தங்கச்சி, பிரிண்டர் பழுதில்லை. புது ரவுட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் ஓடுகிறது போல. அது 2018இல் வந்த முறை, அதற்கு முந்திய பிரிண்டருக்கு விளங்காது. அதோடு பழைய பிரிண்டர்களில் அநேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். புது ரவுட்டர் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் விட்டால் சிலது குழம்பிவிடும்.

பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். 2.4க்குப் பழைய பெயரையே விட்டு, பாதுகாப்பை முந்திய முறையான டபிள்யூபிஏ2 – ஏஇஎஸ் ஆக்குங்கள். 2, 3 கலந்த ஒரு தெரிவும் இருக்கும், அதிலும் சில பிரிண்டர் முரண்டுபிடிக்கும். அதற்காக இன்னும் பழைய டபிள்யூஇபி முறைக்கு இறங்கிவிட வேண்டாம். அது கொளுக்கி போடாத படலை.

முல்லியவளை:
குறுக்கே பேசுகிறேன். நான் விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்துவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். விருந்தினர் பக்கத்தில் இருப்பதைக் கடை லப்டொப் பார்க்க ரவுட்டர் விடாதாம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒட்டுசுட்டான் கடை:
அண்ணை, விளக்கு மினுங்காமல் எரிகிறது! ஆனால் லப்டொப்பில் இன்னும் ‘ஓஃப்லைன்’ என்றுதான் காட்டுகிறது.

கிளிநொச்சி அண்ணை:
பிரிண்டர் மெனுவில் நெட்வேர்க் விபரத் தாளை அடித்துப் பாருங்கள். ஐபி, அதாவது நெட்வேர்க்கில் பிரிண்டரின் இலக்கம், என்ன?

ஒட்டுசுட்டான் கடை:
192.168.1.50. ரவுட்டர் பக்கத்தைத் திறந்தது 192.168.8.1 என்று.

கிளிநொச்சி அண்ணை:
ஆள் பிடிபட்டுவிட்டார். முதல் பூட்டித் தந்தவர் ஐபியைக் கையால் அடித்து நிரந்தரமாக்கியிருக்கிறார். மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: பழைய ரவுட்டர் 1இல் ஓடியது, புதுசு 8இல் ஓடுகிறது. வளவு மாறியும் பிரிண்டர் பழைய வீட்டு இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. மெனுவில் ஐபியை டிஎச்சிபிக்கு (ரவுட்டரே இலக்கம் கொடுக்கும் முறை) மாற்றி, நிப்பாட்டிப் போடுங்கள். பிறகு ரவுட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் கரண்ட் போய் வர இலக்கம் மாறி, திரும்ப இதே கதைதான். லப்டொப்பிலும் பழைய பிரிண்டரை அழித்துவிட்டுப் புது ஐபியில் சேர்க்க வேணும்.

ஒட்டுசுட்டான் கடை:
192.168.8.50 ஒதுக்கினேன். முதல் தாள் சூட்டோடு வந்தது, பின்னால் நின்ற பிள்ளையின் விண்ணப்பமும் அடித்தாயிற்று. நன்றி அண்ணை. வவுனியாத் தம்பி, இந்த டோனர் முடியட்டும், பிறகு யோசிப்பம்.