பிக்சல் விளையாட்டுக்குச் சொல்: புள்ளிக்கோலமா, வண்ணத்திடலா?

வணக்கம்.

கலைச்சொல் தேடும் இந்த உரையாடல் இழை முழுவதையும் நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து சதுரம் சதுரமாக நிறம் வைக்கும் பிக்சல் பலகைக்குக் கூட்டுப் புள்ளிக்கோலம், படவணுக் கித்தான், புள்ளிக்களம், பொது ஓவியத்திரை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒரு கிரிப்டோ (மின்னணு நாணய) திட்டத்துக்காக இப்படிப்பட்ட விளையாட்டு ஒன்றைத்தான் இரண்டு வாரமாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தச் சொற்களைப் பொத்தானிலும் எச்சரிக்கைச் செய்தியிலும் போட்டுப் பார்க்க முடிந்தது. பட்டியலில் அழகாக இருக்கிற சொல் பொத்தானில் ஏறியதும் காலை வாரிவிடுகிறது.

> புள்ளிக்கோலம் என்றால் எந்தத் தமிழருக்கும் விளக்கம் வேண்டாமே, ஏன் விட வேண்டும்?

அக்கா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. முதல் நாள் மொழிபெயர்ப்புக் கோப்பு முழுக்கப் 'புள்ளி' என்றே போட்டேன். இருபதாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். நிறம் வைத்தால் மதிப்பெண் சேரும், மதிப்பெண்ணுக்கும் நாம் புள்ளி என்றுதான் சொல்கிறோம். என் வரி இப்படி வந்து நின்றது: "ஒரு புள்ளி வைத்தால் ஒரு புள்ளி கிடைக்கும், பத்துப் புள்ளி சேர்ந்தால் கூடுதலாக ஒரு புள்ளி வைக்கலாம்." என் தங்கையிடம் காட்டினேன், "இதுல எது எந்தப் புள்ளி?" என்று கேட்டாள். வேறு விளையாட்டாக இருந்தால் சமாளித்துவிடலாம். கிரிப்டோவில் முடியாது, ஏனென்றால் அங்கே மதிப்பெண் சேர்ப்பதுதான் பாதி ஆட்டம். 2024-இல் டெலிகிராம் செயலிக்குள் வந்த நாட் பிக்சல் என்ற இதே வகை விளையாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் வைக்க வைக்க பிஎக்ஸ் என்ற மதிப்பெண் கணக்கு ஏறும், அது பிறகு நாணயமாகும் என்று காத்திருந்துதான் பலர் தினமும் வந்து தட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கோலத்தில் புள்ளி ஒரு வழிகாட்டி. இழை அதைச் சுற்றிப் போகும், அல்லது இணைக்கும். இங்கே நிரப்புகிற சதுரம்தான் படமே. அதோடு, ஒருவர் வாசலில் போட்ட கோலத்தின் மேல் பக்கத்து வீட்டுக்காரர் வந்து வேறு கோலம் போட மாட்டார். இந்த விளையாட்டில் அதற்குத்தான் எல்லோரும் தயாராக நிற்கிறார்கள்.

ஆனால் கோலத்திலிருந்து ஒரு வினையை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புள்ளி 'வைத்தல்' என்கிறோமே, அந்த 'வை'. "இங்கே நிறம் வை" என்று பொத்தானில் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. வைக்கும் இடத்துக்குக் 'கட்டம்' போதும். தாயம் ஆடுகிறவர்கள் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றுதான் பேசுகிறார்கள், கேட்டதும் சதுரம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. பிக்சலுக்கான 'படவணு' என்ற சொல் திரையின் நுட்பத்தைப் பேசும்போது இருக்கட்டும். ஒரே ஓர் இடத்தில் இடிக்கும்: கிரிப்டோ பரிமாற்றங்களைப் பதிந்து வைக்கும் பொதுப் பதிவேடான பிளாக்செயினைக் கட்டச்சங்கிலி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கோப்பில் அதற்குத் தொடரேடு என்று போட்டுத் தப்பித்திருக்கிறேன்.

> அப்படி என்னதான் இந்த விளையாட்டில்? கேட்டதே இல்லை.

புதிதாகச் சேர்ந்த தம்பிக்காகச் சுருக்கமாக. 2017 ஏப்ரல் 1 அன்று ரெட்டிட் என்ற கலந்துரையாடல் தளம் 'பிளேஸ்' என்று ஒரு வெற்றுப் பலகையைத் திறந்தது. நீளம் 1000 கட்டம், அகலம் 1000 கட்டம், 16 நிறம், 72 மணி நேரம். ஒரு கட்டத்தில் நிறம் வைத்துவிட்டால் அடுத்ததற்கு 5 முதல் 20 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் நீங்கள் வைத்ததன் மேல் யார் வேண்டுமானாலும் வேறு நிறம் வைக்கலாம். 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து சுமார் 1.6 கோடி முறை நிறம் வைத்தார்கள். தனி ஆளாக ஒரு சின்னப் பூவைக்கூடக் காப்பாற்ற முடியாது. அதனால் ஆள் திரட்டினார்கள், எந்த வரிசையை யார் பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டார்கள், பக்கத்தில் கொடி வரைந்தவர்களோடு எல்லை பேசி முடித்தார்கள். முன்பின் தெரியாதவர்களைப் பேசவைத்தது அந்தக் காத்திருப்புதான்.

கிரிப்டோக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். 2018-இல் வந்த சடோஷிஸ் பிளேஸ் என்ற பலகையில் காத்திருப்புக்குப் பதில் காசு. நீங்கள் வரைந்து முடித்ததும் திரையில் ஒரு கியூஆர் குறி வரும், அதை லைட்னிங் (பிட்காயினைச் சட்டென்று அனுப்பும் வலையமைப்பு) பணப்பையால் ஸ்கேன் செய்து கட்டத்துக்கு 1 சடோஷி வீதம் கட்டினால் படம் பலகையில் ஏறும். ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சடோஷி, ஆக அந்தப் பலகையின் 10 லட்சம் கட்டத்தையும் ஒரே ஆள் நிரப்பினாலும் 0.01 பிட்காயின்தான். லைட்னிங் அப்போது புதுசு, அதில் பணம் அனுப்பிப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. விளம்பரக் கட்டுரை பத்து எழுதினாலும் வராத பழக்கம், ஒரு பூனைப் படம் வரைந்து 200 சடோஷி கட்டினால் கைக்கு வந்துவிடும். நியர் என்ற பிளாக்செயினில் வந்த பெர்ரி கிளப் பலகை வேறு வழி பிடித்தது. அவகாடோ என்ற நாணயத்தைச் செலவழித்து நிறம் வைக்க வேண்டும், யாரும் மேலே வைக்காத வரை அந்தக் கட்டம் உங்கள் பேரில் விளைச்சல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

> பிக்சல் விற்பது 2005-லேயே வந்துவிட்டதே, மில்லியன் டாலர் ஹோம்பேஜ். அதற்கும் இதே சொல்லா?

வேண்டாம் ஐயா. அலெக்ஸ் டியூ என்ற மாணவர் பிக்சல் ஒன்று 1 டாலர் என்று பத்துக்குப் பத்துத் துண்டாக விற்றார், வாங்கியது வாங்கியதுதான், மேலே யாரும் கை வைக்க முடியாது. அது மனைப் பிரிவு போல, பட்டா உண்டு. 2016-இல் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் வந்த பிக்சல்மேப்பும் இந்த வகைதான். நாம் சொல் தேடுவது பட்டா இல்லாத இடத்துக்கு. மாலையில் திடலுக்குப் போனால், நேற்று நாம் ஆடிய மூலையில் இன்று வேறு பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள், சண்டை வரும், சமாதானமும் வரும். அதனால்தான் நான் 'வண்ணத்திடல்' என்கிறேன். மலேசியத் தமிழரும் பள்ளி மைதானத்தைத் திடல் என்றுதான் சொல்கிறார்கள், அங்கேயும் எடுபடும். களம் என்றால் போரும் நெல்லடிப்பும் முந்திக்கொண்டு வருகின்றன. கித்தான் எங்கள் பக்கத்தில் லாரி மேல் போர்த்துகிற துணி.

அடுத்து 'கூல்டவுன்', அதாவது ஒரு முறை நிறம் வைத்தபின் காத்திருக்கும் நேரம். குளிர்வுக்காலம் என்று முன்மொழிந்தவர் கோபிக்க வேண்டாம். "குளிர்வுக்காலம்: 4 நிமிடம்" என்று திரையில் பார்த்தால் ஏசியை அணைக்கச் சொல்வது போல இருக்கிறது. "உங்கள் முறை வர இன்னும் 4 நிமிடம்" என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். முறை என்ற சொல்லில் வரிசையும் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. காசு கட்டி வைக்கும் பலகைகளில் இது தேவைப்படாது, அவ்வளவுதான்.

> கம்யூனிட்டி குரோத் = சமூக வளர்ச்சி. இதில் என்ன சிக்கல்?

எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். சமூக வளர்ச்சி என்றால் நமக்குப் பள்ளிக்கூடம், சாலை, குடிநீர். ஒரு நாணயத்தைச் சுற்றி ஆள் கூடுவதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் படிக்கிறவர் ஏமாறுவார், அவர் பணம் வைக்கும் இடம் இது. நான் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். எண்ணிக்கை மட்டும் ஏறினால் 'ஆள்சேர்ப்பு'. வந்தவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு தங்கினால் 'குழும வளர்ப்பு'. பரிசை எடுத்துவிட்டால் யார் மிஞ்சுகிறார்கள் என்று பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும். ரெட்டிட்டின் பிளேஸ் 2022-இல் மறுபடி நடந்தபோது நாணயமும் இல்லை, பரிசும் இல்லை, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கடைசியில் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் விட்டார்கள். நாள்கணக்கில் கட்டம் கட்டமாகக் காத்த படங்கள் எல்லாம் வெள்ளைக்குள் போய், கடைசியில் பலகை வெறுமையாக நின்றது. கோலம் சொன்ன அக்காவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில் மட்டும்தான். அழியும் என்று தெரிந்தும் போடுகிறோம் இல்லையா.

ஏர்டிராப்புக்கு, அதாவது திட்டக்காரர்கள் பயனர்களுக்கு நாணயம் பகிர்ந்து கொடுப்பதற்கு, 'வான்கொடை' வந்திருந்தது. கொடை என்றால் கைமாறு எதிர்பாராமல் கொடுப்பது. இங்கே மாதக்கணக்கில் தட்டவைத்து, ஆள் கூட்டிவரச் சொல்லி, அப்புறம் கொடுக்கிறார்கள். பயணப்படி மாதிரி 'நாணயப்படி' என்றால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதைத் தனி இழையில் பேசுவோம்.

வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். இப்போதைக்கு வண்ணத்திடல், கட்டம், நிறம் வை, முறை என்று வைத்திருக்கிறேன். ஒருவர் வைத்ததன் மேல் இன்னொருவர் வைப்பதற்கு மட்டும் நல்ல சொல் கிடைக்கவில்லை. 'மேலெழுதல்' எழுத்துக்குத்தான் பொருந்துகிறது, 'மேல்வைப்பு' என் காதுக்கு இன்னும் ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், "உங்கள் கட்டத்தின் மேல் ஒருவர் ____" என்ற வரியில் போட்டுப் பார்த்துவிட்டு.